நடுவயதில் கணினி பழகுவோருக்கு

கைப்பேசியில் பணம் அனுப்பவும் ரயிலுக்கு முன்பதிவு செய்யவும் நன்றாகத் தெரிந்த ஒருவர், கணினியின் முன் உட்கார்ந்ததும் மவுஸைத் தொடத் தயங்குவதைப் பல வீடுகளில் காணலாம். எதைத் தொட்டால் எது கெட்டுப்போகுமோ என்னும் அச்சமே அந்தத் தயக்கத்துக்குக் காரணம். எனவே, கணினியில் எந்தச் செயலைச் செய்தபின் மீட்டுக்கொள்ளலாம், எதை மீட்கவே இயலாது என்பதை முதல் நாளிலேயே தெரிந்துகொண்டால், பாதிப் பாடம் முடிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

மீட்கக்கூடியவை ஏராளம். தவறாகத் தட்டியதையும் தெரியாமல் அழித்துவிட்ட பத்தியையும், கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு இசட் விசையைத் தட்டினால் திரும்பக் கொண்டுவரலாம்; மீண்டும் மீண்டும் தட்டினால் ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிச் செல்லும். கணினியிலிருந்து அழித்த கோப்பு உடனே மறைந்துவிடுவதில்லை; அது ரீசைக்கிள் பின் என்னும் தொட்டியில் கிடக்கும், அங்கிருந்து பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பலாம். இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் பிரவுசரில் தவறுதலாக மூடிய பக்கத்தைக் கண்ட்ரோல், ஷிஃப்ட், டி ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தித் திறக்கலாம். திடீரென்று காணாமற்போன ஜன்னல், பெரும்பாலும் திரையின் அடியிலுள்ள பட்டையில் சுருங்கிக் கிடக்கும்.

மீட்க இயலாதவை சிலவே. அனுப்பிய பணம், இறுதியாகச் சமர்ப்பித்த விண்ணப்பம், அதே பெயரில் புதிய கோப்பைச் சேமித்து மூடிவிட்டதால் மறைந்த பழைய கோப்பு, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு அழித்தவை, பென் டிரைவிலிருந்து அழித்தவை ஆகியன இவ்வகை. பென் டிரைவில் அழித்தது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது என்பது, பல ஆண்டுகள் பழகியவர்களில் சிலருக்கே தெரியாது. ஜிமெயிலில் அனுப்பிய அஞ்சலைத் திரும்பப் பெறச் சில விநாடிகள் அவகாசம் உண்டு; அமைப்பில் மாற்றிக்கொண்டால் அதை 30 விநாடி வரை நீட்டலாம், அதற்குமேல் வழியில்லை. இவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்துவிட்டு, மற்றதையெல்லாம் தாராளமாகத் தட்டிப் பாருங்கள்.

பயிற்சி நிலையங்கள் பலவற்றில் முதல் சில வகுப்புகள் கணினியின் தலைமுறைகள், சார்லஸ் பாபேஜின் வரலாறு, உள்ளீட்டுச் சாதனங்களின் பட்டியல் என்று கழிந்துவிடுகின்றன. தேர்வெழுதுவோருக்கு அது வேண்டியிருக்கலாம். ஒரு மனுவைத் தட்டச்சு செய்து அச்சிடவும், ஒரு விண்ணப்பத்தைப் பிறர் துணையின்றி நிரப்பவும் விரும்புகிறவர் அந்த மனுவிலும் அந்த விண்ணப்பத்திலும்தான் பழக வேண்டும். உங்கள் வீட்டில் நிலுவையிலிருக்கும் உண்மையான வேலை ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். செய்து முடித்தால் பயன் உண்டு என்றால்தான் கை தொடர்ந்து பழகும்.

எந்தக் கணினி போதும்

பழகுவதற்கென்று புதுக் கணினி வாங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு முதல் மாணவர்களுக்கு அரசு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகளில் ஒன்று, பிள்ளைகள் படித்து முடித்த பல வீடுகளில் அலமாரியில் கிடக்கும். மவுஸ் பிடிக்கவும், தட்டச்சு செய்யவும், கோப்புகளை அடுக்கிப் பார்க்கவும் அது போதும். வங்கிக் கணக்கையும் முக்கியமான மின்னஞ்சலையும் மட்டும் அதில் திறக்க வேண்டாம். பழைய விண்டோஸ் பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவையும் மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. கடிதமும் கணக்கும் எழுத லிப்ரெஆஃபீஸ் என்னும் தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது. கடைக்காரர் எங்கிருந்தோ எடுத்துப் போட்டுத் தரும் திருட்டு வேர்டைவிட அது எவ்வளவோ மேல், ஏனெனில் அத்தகைய பிரதிகளோடு வேறு என்ன வந்து உட்காரும் என்று சொல்ல முடியாது.

மடிக்கணினி என்றால் தனியாக ஒரு மவுஸை வாங்கி இணைத்துவிடுங்கள். விசைப்பலகைக்குக் கீழேயுள்ள டச்பேடில் விரலைத் தேய்த்துப் பழகுவது, ஏற்கெனவே தேர்ந்தவர்களுக்குத்தான் வசதி. பைஃபோகல் கண்ணாடி அணிபவர்கள் திரையைக் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்து, லேசாகப் பின்னுக்குச் சாய்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால், கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் பார்ப்பதற்காகத் தலையை நிமிர்த்தி நிமிர்த்திக் கழுத்து வலிக்கும். எழுத்தளவையும் சுட்டும் அம்பின் அளவையும் அமைப்புகளுக்குள் சென்று பெரிதாக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸின் பட்டியல்களையும் தமிழுக்கு மாற்ற வழி உண்டு. ஆனால் தொடக்கத்தில் அதைச் செய்யாதிருப்பது நல்லது என்பது என் கருத்து. உங்களுக்கு உதவ வருபவர் ஆங்கிலப் பட்டியலில் பழகியவராக இருப்பார், தமிழ்ப் பட்டியலில் அவரே வழி தெரியாமல் நிற்பார்.

கை பழகும் வரை

மவுஸை அசைத்துக்கொண்டே போகும்போது மேசை விளிம்பு வந்துவிட்டால், அதைத் தூக்கி நடுவில் வைத்து மீண்டும் நகர்த்தலாம். தூக்கியிருக்கும்போது திரையிலுள்ள அம்பு நகராது. இதைச் சொல்லித்தராததால், கையை மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டு திணறுபவர்கள் உண்டு. அடுத்த சிக்கல் இரட்டைக் கிளிக். முகப்புத் திரையில் உள்ள படங்களையும் கோப்புகளையும் திறக்க இருமுறை விரைவாகத் தட்ட வேண்டும். கீழ்ப்பட்டையில் உள்ளவற்றுக்கும், எல்லாப் பொத்தான்களுக்கும், இணையப் பக்கங்களுக்கும் ஒருமுறை தட்டினால் போதும். புதியவர்கள் எதையும் இருமுறை தட்டிவிடுவார்கள். கோப்பில் அதனால் கெடுதல் இல்லை, கட்டணம் செலுத்தும் பக்கத்தில் அது கூடவே கூடாது.

இரட்டைக் கிளிக் பல நேரம் தவறுவதற்குக் காரணம், இரண்டு தட்டல்களுக்கு இடையே மவுஸ் ஒரு நூலளவு நகர்ந்துவிடுவதுதான். மெதுவாகத் தட்டினாலோ கோப்பின் பெயரைச் சுற்றிக் கட்டம் தோன்றி, புதுப் பெயர் எழுதச் சொல்லும். அப்போது எஸ்கேப் விசையைத் தட்டினால் பழையபடி ஆகிவிடும். விரல்கள் ஒத்துழைக்கவில்லை என்றால் இரட்டைக் கிளிக்கை விட்டுவிட்டு, கோப்பின் மேல் ஒருமுறை தட்டியபின் என்டர் விசையை அழுத்துங்கள், அதே வேலை நடக்கும். மவுஸ் அமைப்பில் இரட்டைத் தட்டலின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் வசதி இருக்கிறது.

மவுஸ் பழகச் சிறந்த பாடம் சீட்டாட்டம். 1990இல் வெளிவந்த விண்டோஸ் 3.0-உடன் சாலிட்டேர் விளையாட்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதுவரை மவுஸையே கண்டிராத பலருக்கு, பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டு ஒரு பொருளை இழுத்து வேறிடத்தில் விடும் வித்தை அந்தச் சீட்டுகளால்தான் கைவந்தது. இன்றும் அதே ஆட்டம் கிடைக்கிறது. நாளுக்குச் சிறிது நேரம் அதை ஆடுவதை வீட்டார் கேலி செய்தால் பொருட்படுத்த வேண்டாம்.

கற்றுக்கொடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பாவுக்கோ அத்தைக்கோ சொல்லித்தரும் பிள்ளைகள், இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "குடுங்கப்பா, நானே செஞ்சு தர்றேன்" என்று மவுஸை வாங்கிவிடுகிறார்கள். வேலை முடிந்துவிடும், கற்றல் நின்றுவிடும். மவுஸ் எப்போதும் கற்பவர் கையில்தான் இருக்க வேண்டும். சொல்லித்தருபவர் திரையை விரலால் காட்டலாம், வாயால் சொல்லலாம், அதற்குமேல் கூடாது.

இனி, விசைப்பலகையில் தவறுதலாகக் கைபட்டுப் பதற வைக்கும் சிலவற்றை முன்கூட்டியே தெரிந்துகொள்வோம். கடவுச்சொல் சரியாக இருந்தும் ஏற்கவில்லை என்றால், கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். வலப்புற எண்பலகையில் எண்கள் விழவில்லை என்றால் நம் லாக் (Num Lock) அணைந்திருக்கும். ஷிஃப்ட் விசையைத் தொடர்ந்து ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் என்று ஒரு பெட்டி எழுந்து கேள்வி கேட்கும். 'நோ' என்று சொல்லிவிடலாம். பிரவுசரின் மேற்பட்டை முழுதும் மறைந்துபோனால் எஃப்11 விசை பட்டிருக்கிறது, அதையே மீண்டும் தட்டினால் பட்டை வந்துவிடும். பிரவுசரில் எழுத்துகள் திடீரென்று பெரிதாகவோ சிறிதாகவோ ஆகிவிட்டால் கண்ட்ரோலோடு சுழியம் விசையைத் தட்டினால் இயல்புக்குத் திரும்பும். லிப்ரெஆஃபீஸில் புதிதாகத் தட்டும் எழுத்து ஏற்கெனவே உள்ள எழுத்தை விழுங்கிக்கொண்டே போனால், அது இன்செர்ட் விசையின் வேலை.

கோப்பு எங்கே இருக்கிறது

கைப்பேசியில் பழகியவர் கணினியில் வழிதவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கைப்பேசி கோப்புகளைப் பெரிதும் கண்ணில் காட்டுவதில்லை. படம் கேலரிக்குள் இருக்கிறது, கடிதம் வாட்ஸ்அப்புக்குள் இருக்கிறது என்று நாமும் பழகிவிட்டோம். கணினியிலோ ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், நாம்தான் நினைவில் வைக்க வேண்டும். சேமிக்கும்போது திறக்கும் பெட்டியில் மூன்று செய்திகள் இருக்கும்: கோப்பின் பெயர், வைக்கும் இடம், கோப்பின் வகை. பெயரை மட்டும் தட்டிவிட்டு அவசரமாக என்டர் அழுத்துவதால்தான், பிறகு "நேத்துதானே அடிச்சேன், காணோமே" என்று தேட நேர்கிறது. பெட்டியின் மேற்பகுதியில் எந்த ஃபோல்டரின் பெயர் தெரிகிறது என்று பார்த்த பிறகே சேமியுங்கள்.

தொடக்கத்தில் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் ஒரே ஒரு ஃபோல்டர் அமைத்துக்கொள்வது போதும். அதற்குள் வீடு, வங்கி, நிலம், மருத்துவம் என்று நான்கைந்து பிரிவுகள் இருக்கலாம். கோப்புக்குப் பெயரிடும்போது ஆண்டை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதுங்கள். '2025-06-மின்கட்டணம்', '2025-08-மின்கட்டணம்' என்று பெயரிட்டால் அவை காலவரிசையில் தாமாகவே அடுக்கி நிற்கும். 'புதியது', 'கடைசி', 'கடைசி-சரியானது' என்னும் பெயர்கள் ஒரு மாதத்துக்குப் பின் உங்களுக்கே விளங்காது.

இணையத்திலிருந்து இறக்கும் எதுவும், வேறு இடம் சொல்லாவிட்டால், டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்குள் போய்விடும். இறக்கியது வரவில்லை என்று நினைத்து மீண்டும் மீண்டும் பொத்தானைத் தட்டினால், ஒரே கோப்பு பெயரின் கடைசியில் 1, 2, 3 என்று எண்களோடு பெருகிக் கிடக்கும். இறங்கிய கோப்பை உரிய ஃபோல்டருக்கு மாற்றும்போது, படி எடுப்பதற்குக் கண்ட்ரோலோடு சி, எடுத்துச் செல்வதற்குக் கண்ட்ரோலோடு எக்ஸ், வைப்பதற்குக் கண்ட்ரோலோடு வி என்னும் மூன்றையும் பழகிவிடுங்கள். இந்த மூன்றும் இசட்டும் விசைப்பலகையின் அடிவரிசையில் அடுத்தடுத்து இருப்பதால், விரல் விரைவில் பிடித்துக்கொள்ளும்.

பிரின்ட் எடுக்கப் போகிறவர்களை ஏமாற்றும் இன்னொன்றும் உண்டு. முகப்புத் திரையிலுள்ள சில படங்களின் இடது மூலையில் வளைந்த சிறு அம்புக்குறி இருக்கும். அவை கோப்புகள் அல்ல, கோப்பு இருக்கும் இடத்துக்குப் போகும் வழியைக் காட்டும் குறுக்குவழிகள். அதைப் பென் டிரைவில் படி எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனால், கடைக்காரர் திறக்கும்போது ஒன்றும் வராது. கோப்பு வீட்டுக் கணினியிலேயே தங்கியிருக்கும். ஆகவே, எடுத்துச் செல்வதற்கு முன் பென் டிரைவுக்குள்ளிருந்தே அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். அச்சுக்குக் கொடுப்பதை பிடிஎஃப் வடிவில் மாற்றிக் கொண்டுசெல்வது இன்னும் நல்லது; கடையிலுள்ள கணினியில் வேறு எழுத்துரு இருந்தாலும் வரிகள் இடம் மாறாது.

தட்டச்சு செய்யும்போது கண்ட்ரோலோடு எஸ் விசையை ஒவ்வொரு பத்தி முடிவிலும் தட்டுவது பழக்கமாகிவிட வேண்டும். மின்வெட்டு சொல்லிக்கொண்டு வருவதில்லை. மேசைக் கணினிக்கு யுபிஎஸ் இல்லாத வீட்டில், சேமிக்காத பக்கத்தை மீட்பது அந்த மென்பொருளின் தயவில்தான் இருக்கிறது.

தமிழில் தட்டச்சு

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய் லோயர், ஹையர் முடித்தவர்கள், கணினியில் தாங்கள் முற்றிலும் புதியவர்கள் என்று எண்ண வேண்டியதில்லை. ஆங்கில விசைப்பலகையின் அமைப்பு தட்டச்சுப் பொறியில் இருந்ததேதான், ரெமிங்டனில் பழகிய விரல் இங்கும் செல்லும். விசையை ஓங்கி அடிக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். தமிழ்த் தட்டச்சு தேறியவர்களுக்கும் அந்தப் பழைய அமைப்பு என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருள்களில் அப்படியே கிடைக்கிறது. கை ஏற்கெனவே அறிந்ததை விட்டுவிட்டு வேறொன்றைப் புதிதாகக் கற்க அவர்களுக்குக் காரணமே இல்லை.

எதையும் பழகாதவர்களுக்கு என் பரிந்துரை தமிழ்99. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு தர அமைப்பாக ஏற்ற விசைப்பலகை இது. ஆங்கில எழுத்துகளில் 'அம்மா' என்று ஒலித்துத் தட்டும் முறை எளிதாகத் தோன்றும். ஆனால் ந, ன, ண மூன்றுக்கும் எந்த ஆங்கில எழுத்து, ல, ள, ழ மூன்றுக்கும் எந்த ஆங்கில எழுத்து என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டும். ஆங்கிலத் தட்டச்சு நன்றாகத் தெரிந்தவர்களுக்கு அது பொருந்தும். தமிழிலேயே நினைத்து எழுதுபவர்களுக்கு, ஓர் எழுத்துக்கு ஒரு விசை என்னும் தமிழ்99 விரைவில் வசப்படும்.

அதன் அமைப்பைக் கவனியுங்கள். உயிரெழுத்துகள் இடது கைப்பக்கம் இருக்கின்றன. மெய்வரிசை எழுத்துகளில் அடிக்கடி வருபவை வலது கைக்குக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. க, ச, த, ப என்று அகரமேறிய எழுத்தாகவே அவை விழும். அதன்பின் உயிரைத் தட்டினால் உயிர்மெய் ஆகிவிடும். 'மனு' என்று எழுத ம, ன, உ ஆகிய மூன்று விசைகள் போதும். ஆங்கிலப் பலகையில் அவை கே, ஐ, டி என்னும் இடங்களில் உள்ளன. புள்ளி வேண்டுமானால் எஃப் விசை. எஃப், ஜே இரண்டின் மேலும் தடவினால் தெரியும் சிறு மேடு இருக்கும், ஆள்காட்டி விரல்கள் இரண்டும் தங்க வேண்டிய இடம் அதுதான். ஆகவே புள்ளி எப்போதும் இடது ஆள்காட்டி விரலுக்கு அடியிலேயே இருக்கிறது. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும்: ப, ட, ட, ஆ என்று தட்டினால் 'பட்டா' வந்துவிடும். ங-வை அடுத்து க, ந-வை அடுத்து த, ம-வை அடுத்து ப என்று இனவெழுத்துகள் சேரும்போதும் புள்ளி தானாகவே விழுவதால், 'தங்கம்' என்னும் சொல்லில் நீங்கள் தட்ட வேண்டிய புள்ளி கடைசியில் ஒன்றுதான். தமிழ் இலக்கணம் அறிந்து அமைத்த விசைப்பலகை என்பது பழகப் பழகத் தெரியும்.

விண்டோஸ் 11-இல் இதைத் தனியாக வாங்கவோ இறக்கவோ வேண்டியதில்லை. அமைப்புகளுக்குள் மொழிப் பகுதிக்குச் சென்று தமிழைச் சேர்த்து, அதன் விசைப்பலகைகளில் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுத்தால் போதும். அதன்பின் விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் தமிழும் ஆங்கிலமும் மாறிமாறி வரும். இப்போது எந்த மொழி என்பதைத் திரையின் வலது கீழ்மூலை காட்டும். கடவுச்சொல் தட்டும் முன் அந்த மூலையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊர் டிடிபி கடையில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து தரக்கூடும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் சிதறிக் கிடக்கும். யூனிகோடு எனப்படும் ஒருங்குறியில் தட்டியது எங்கு திறந்தாலும் தமிழாகவே தெரியும். தமிழக அரசும் 2010இல் அதைத் தர முறையாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. எனவே கடையில் கொடுக்கும்போதே யூனிகோடில் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

விண்ணப்பங்களும் இணையமும்

பிரவுசரின் உச்சியிலுள்ள நீண்ட பெட்டியில் தளத்தின் முழு முகவரியைத் தட்டினால் அந்தத் தளத்துக்கே நேராகப் போகலாம். வெறும் பெயரைத் தட்டினால் தேடல் முடிவுகளின் பட்டியல் வரும். அந்தப் பட்டியலின் தலையில் ஸ்பான்சர்டு என்னும் குறிப்போடு நிற்பவை காசு கொடுத்து இடம்பிடித்த விளம்பரங்கள். இந்திய அரசுத் தளங்களின் முகவரி பெரும்பாலும் 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும். பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கான தளமும் அப்படித்தான் முடிகிறது, அதன் பெயரைப் போலவே பெயர் வைத்துக்கொண்டு கட்டணம் பறிக்கும் போலித் தளங்கள் குறித்து வெளியுறவு அமைச்சகமே எச்சரித்திருக்கிறது. வங்கி அல்லது கேஸ் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடல் முடிவிலிருந்து எடுக்காதீர்கள். பாஸ்புக்கிலோ ரசீதிலோ அட்டையின் பின்புறத்திலோ அச்சிட்டிருப்பதே நம்பத்தக்கது.

விண்ணப்பத்தில் பலர் நின்றுவிடும் இடம் புகைப்படம் ஏற்றும் கட்டம். கைப்பேசியில் எடுத்த படம் சில எம்பி அளவில் இருக்கும். ஒரு எம்பி என்பது ஏறத்தாழ ஆயிரம் கேபி. விண்ணப்பமோ 20 முதல் 50 கேபிக்குள் கேட்கும். விண்டோஸில் உள்ள பெயின்ட் மென்பொருளில் படத்தைத் திறந்து, முகத்தைச் சுற்றி வெட்டி, ரீசைஸ் பகுதியில் அளவைப் பிக்சலில் குறைத்து, ஜேபெக் வகையாகப் புதுப் பெயரில் சேமிக்கலாம். 200-க்கு 230 பிக்சல் என்பது வங்கித் தேர்வு விண்ணப்பங்களில் வழக்கமாகக் கேட்கும் அளவு. சேமித்த கோப்பின் மேல் மவுஸை நிறுத்தினால் அதன் அளவு தெரியும். புதுப் பெயரில் சேமிப்பது முக்கியம், இல்லாவிட்டால் பெரிய அசல் படம் போய்விடும்.

நீண்ட பதில்கள் எழுத வேண்டிய விண்ணப்பமானால், முதலில் நோட்பேடில் எழுதிச் சேமித்து, பிறகு படி எடுத்து ஒட்டுங்கள். பல அரசுத் தளங்கள் சிறிது நேரம் அசையாமல் இருந்தால் வெளியேற்றிவிடும். கட்டணம் செலுத்தும்போது பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தால் பின்செல்லும் பொத்தானையோ புதுப்பிக்கும் பொத்தானையோ தொட வேண்டாம். வங்கிக் கணக்கில் பணம் கழிந்திருக்கிறதா என்று பார்த்தபிறகே மறுபடி முயல வேண்டும்.

நெட் சென்டரில் இந்த வேலைகளைச் செய்பவர்கள் கிளம்பும் முன் மின்னஞ்சலிலிருந்தும் தளத்திலிருந்தும் வெளியேறி, டவுன்லோட்ஸில் இறங்கிய தங்கள் கோப்புகளை ஷிஃப்ட் விசையோடு அழித்துவிட வேண்டும். மின்னணு ஆதார் கோப்புக்குக் கடவுச்சொல் இருப்பதால் பயமில்லை என்று எண்ணாதீர்கள்: பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான் அது. இந்தச் சூத்திரம் ஊரறிந்தது. உங்கள் பெயரையும் பிறந்த ஆண்டையும் அறிந்த எவரும் திறந்துவிடலாம்.

வீட்டுக் கணினியில் திடீரெனத் திரை முழுதும் சிவந்து, வைரஸ் புகுந்துவிட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று ஓலமிட்டால், அது வெறும் இணையப் பக்கம்தான். அந்த எண்ணை அழைக்காமல் ஆல்ட்டோடு எஃப்4 விசையைத் தட்டுங்கள். மூடாவிட்டால் கணினியின் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். உங்கள் திரையைத் தொலைவிலிருந்து பார்க்க உதவும் மென்பொருளை நிறுவச் சொல்பவர் யாராக இருந்தாலும், நீங்களாக நேரில் அறிந்தவர் அல்லாத பட்சத்தில், இணைப்பைத் துண்டித்துவிடலாம். பணம் பறிபோய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே இணையக் குற்றங்களுக்கான உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறும் முன் முடக்கி வைக்க வாய்ப்பிருக்கிறது. பணம் கழிந்ததாக வந்த குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள், பரிவர்த்தனை எண்ணும் நேரமும் அதிலிருந்துதான் கிடைக்கும். அந்தக் கணினியின் இணைய இணைப்பை நீக்கிவிட்டு, மின்னஞ்சல், வங்கி ஆகியவற்றின் கடவுச்சொற்களை வேறொரு கணினியிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ மாற்றிவிடுங்கள்.